ஆறாம் வேற்றுமையும் ஜாவாஸ்கிரிப்டின் புள்ளியும்

கான்சாபுரம் என்னும் ஊர்ப்பெயரை விரித்தால் 'கான் சாகிபினது புரம்' என்று வரும். வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. கம்பெனிப் படையின் தளபதியாக இருந்து மதுரையையும் திருநெல்வேலியையும் நிர்வகித்தவர் யூசுப் கான். பின்னர் அதே கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து நின்றார். 1764-ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய பெயரால் அமைந்த ஊர் இது என்பது எங்கள் பக்கத்தில் வழங்கிவரும் செய்தி. மதுரையில் கான்சா மேட்டுத் தெருவும் இப்படிப் பெயர் பெற்றதே. ஊர் அவருடைய ஆளுகையில் இருந்தது சில ஆண்டுகளே. பெயரில் அவருடையதாக இருப்பதோ 250 ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

இலக்கணத்தில் இதை ஆறாம் வேற்றுமைத் தொகை என்போம். 'அது' என்னும் உருபு தொகையில் மறைந்து நிற்கிறது. உருபு மறைந்தாலும் உடைமை மறைவதில்லை. இங்கே உடையவர் மறைந்த பின்னும் மறையவில்லை. ஆறாம் வேற்றுமையின் பொருளைக் 'கிழமை' என்பது மரபு. கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. இன்று நாட்காட்டியில் மட்டும் தங்கிவிட்ட இந்தச் சொல் ஒரு காலத்தில் 'யாருடையது?' என்ற கேள்வி முழுவதற்கும் விடையாக நின்ற சொல்.

இந்தக் கிழமையை நம் இலக்கணிகள் இரண்டாகப் பகுத்தார்கள். உடையவனிடமிருந்து பிரிக்க இயலாதது தற்கிழமை: முருகனது கை, முருகனது கருமை. பிரிக்கக்கூடியது பிறிதின்கிழமை: முருகனது வீடு, முருகனது வயல். உருபு ஒன்றே, உறவு இரண்டு. நன்னூல் இன்னும் நுணுகிச் சென்று, ஒன்று திரிந்து வேறொன்றாவதையும் தற்கிழமைக்குள் வைக்கிறது. நெல்லின் பொரி அவ்வகை. பொரிந்த பிறகு நெல் எங்கே இருக்கிறது, எதற்கு எது உடைமை என்று முதலாமாண்டு மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான்.

பொதுத்தமிழ் வகுப்பில் கணினி அறிவியல் மாணவர்களும் அமர்வார்கள். வேற்றுமையியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில் அவர்களில் ஒருவர், "இது எங்கள் பாடத்தில் ஒரு புள்ளி, ஐயா" என்றார். அந்தப் புள்ளியைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை. தொடங்கும் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். 'அன்றே சொன்னார் தொல்காப்பியர்' என்று நிறுவுவது என் நோக்கமன்று. அந்த வகைக் கட்டுரைகள் தொல்காப்பியத்தையும் வளர்ப்பதில்லை, அறிவியலையும் வளர்ப்பதில்லை. ஒரே கேள்வியை இரண்டு மரபுகள் எப்படி எதிர்கொண்டன, அதில் ஒன்று எங்கே இடறிற்று என்பதே என் ஆர்வம்.

கணினி நிரலில் 'பொருள்' என்று ஒன்றைப் படைக்கிறார்கள். அதற்குச் சில உடைமைகள் இருக்கும். கலைச்சொல்லாக்கியோர் இவற்றைப் 'பண்பு' என்று மொழிபெயர்த்தார்கள். பண்பு என்பது தற்கிழமையின் ஒரு கூறு மட்டுமே என்பதால் இக்கட்டுரையில் 'உடைமை' என்றே எழுதுகிறேன். முருகன் என்பது பொருள். உயரம் என்பது உடைமை. 'முருகனது உயரம்' என்பதை நிரலில் எப்படிக் கேட்பது?

முதலில் கேட்டவர்கள் ஆங்கிலத்தில் பேசுவது போலவே கேட்டார்கள். 1960 வாக்கில் உருவான கோபோல் மொழியில் 'உயரம் ஆஃப் முருகன்' என்று எழுத வேண்டும். உடைமை முன்னே, உடையவன் பின்னே. 1965-இல் டோனி ஹோர் முன்வைத்த முறையில் உடைமையே ஒரு செயலி ஆயிற்று: உயரம் என்று எழுதி, அடைப்புக்குள் முருகனை இடுவது. ஆஸ்லோவில் இருந்த நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67, உடையவனை முன்னே வைத்து, ஒரு புள்ளி இட்டு, உடைமையைப் பின்னே வைத்தது: முருகன்.உயரம். இதற்குச் சற்று முன்பே பிஎல்/1 என்னும் மொழியிலும் புள்ளி வந்திருந்தது. தமிழில் எழுதிப் பார்த்தால் 'அது' உருபு நிற்கும் அதே இடத்தில் புள்ளி நிற்கிறது. தமிழ் பேசுவோருக்குப் புள்ளியின் வரிசை இயல்பாக அமைந்தது ஒரு தற்செயல். ஆனால் இனிய தற்செயல்.

இதுவரை சிக்கல் ஒன்றும் இல்லை. பொருளிடம் உடைமை இருக்கிறது, கேட்டால் தருகிறது. இல்லாத ஒன்றைக் கேட்டால் என்ன ஆகும்? கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

1986-இல் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் டேவிட் உங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 'செல்ஃப்' என்றொரு மொழியை வடிவமைத்தார்கள். அதில் வகுப்பு, இனம் என்பவை இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முன்மாதிரிப் பொருள் உண்டு. தன்னிடம் இல்லாததைக் கேட்டால் முன்மாதிரியிடம் கேட்கும். அதனிடமும் இல்லையென்றால் அதன் முன்மாதிரியிடம். மகன் தந்தையைக் கேட்டு, தந்தை பாட்டனைக் கேட்பது போல. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் ஒரு ஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தபோது, இந்த முன்மாதிரி முறையைச் செல்ஃபிலிருந்து எடுத்துக்கொண்டார். வெளித்தோற்றம் ஜாவாவைப் போல இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் விருப்பம். மோக்கா என்றும் லைவ்ஸ்கிரிப்ட் என்றும் பெயர் மாறி, 1995 டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆக வெளிவந்தது. இன்று உலகில் எந்த வலைப்பக்கத்தைத் திறந்தாலும் பின்னே இயங்கும் மொழி அது.

அதன் உடைமை முறையை நாமே சோதித்துப் பார்க்கலாம். உலாவி ஒன்று போதும். 'தந்தை' என்று ஒரு பொருள் செய்து, ஊர் என்னும் உடைமைக்குக் கான்சாபுரம் என்று மதிப்பிடுங்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு 'மகன்' என்று இன்னொன்று செய்யுங்கள். மகனுக்கு ஊர் எதுவும் தராதீர்கள். மகன்.ஊர் என்று கேட்டால் 'கான்சாபுரம்' என்று விடை வரும். இப்போது மகன்.ஊர் என்பதற்கு மதுரை என்று மதிப்பிடுங்கள். மகனைக் கேட்டால் மதுரை. தந்தையைக் கேட்டால் இன்னமும் கான்சாபுரம். படிக்கும்போது மேலே ஏறிச் செல்லும் தேடல், எழுதும்போது ஏறுவதில்லை. மகனிடமே புதிதாக ஓர் உடைமை உண்டாகித் தந்தையினதை மறைக்கிறது. அடுத்து, மகனுடைய ஊரை அழித்துவிடுங்கள். கேட்டால் 'இல்லை' என்று வராது. கான்சாபுரம் திரும்ப எட்டிப் பார்க்கும்! சென்னைக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்து மூன்று தலைமுறை ஆனவர்களும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க இந்த மலையடிவாரத்துக்கு வருவதைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இன்னொரு சோதனை. தந்தையின் ஊரை 'மாற்றலாகாது' என்று பூட்டிவிடுங்கள். 2009 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் இவ்வாறு பூட்ட முடியும். இப்போது மகனுக்கு மதுரையை மதிப்பிட முயன்றால், அந்த முயற்சி ஓசையின்றிப் புறக்கணிக்கப்படும். கண்டிப்பு முறையில் எழுதியிருந்தால் பிழை என்று நிற்கும். தந்தை பூட்டியதைத் தந்தையிடம் மாற்ற முடியாது என்பது நியாயம். மகன் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளவும் முடியாது என்பது என்ன நியாயம்? மொழியை உருவாக்குவோரே இதைப் பிழை என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். திருத்தலாம் என்று பேச்சும் எழுந்தது. ஏற்கெனவே இயங்கும் தளங்கள் உடைந்துபோகும் என்பதால் அப்படியே நிற்கிறது. புதியன புகுதலுக்குப் பழையனவே தடையாக நிற்பதை மொழியியல் படித்தவர்கள் நன்கு அறிவார்கள்.

எங்கும் இல்லாத ஓர் உடைமையைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் பதறுவதில்லை. 'வரையறுக்கப்படாதது' என்ற ஒரு மதிப்பைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். பைத்தான் அப்படியன்று, அத்தகைய உடைமை இல்லை என்று பிழை எழுப்பி நிறுத்தும். எனக்குப் பைத்தானின் கண்டிப்பே பிடிக்கிறது. 'இல்லை' என்பதை உரக்கச் சொல்வது ஒரு நாகரிகம்.

தேடல் மேலே மேலே ஏறிப் போனால் வேகம் என்னாவது என்று ஒருவர் கேட்கலாம். அதற்கான விடை ஜாவாஸ்கிரிப்டுக்கு முன்பே பிறந்தது. ஸ்மால்டாக் மொழிக்காக 1984-இல் பீட்டர் டாய்ச்சும் ஆலன் ஷிஃப்மனும், ஒரு முறை தேடிக் கண்ட இடத்தை அந்த வரியிலேயே குறித்துவைக்கும் உத்தியை எழுதினார்கள். செல்ஃப் குழு அதை வளர்த்தது. அக்குழுவில் பணியாற்றிய லார்ஸ் பாக், 2008 செப்டம்பரில் கூகுளின் குரோம் உலாவியோடு வெளிவந்த வி8 இயந்திரத்தில் அதைக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரே வரிசையில் உடைமைகளைப் பெற்ற பொருள்களை இயந்திரம் ஓரினமாகக் கருதி விரைவாகக் கையாளும்; வரிசை மாறினால் வேறினம். இனம் இல்லாத மொழியில் இயந்திரம் தானே மறைவாக இனம் வகுத்துக்கொள்கிறது.

இனி, சோதனைகளின் வரலாறு. 1996 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் தன் மூன்றாம் உலாவியில் ஜேஸ்கிரிப்ட் என்ற பெயரில் இம்மொழியின் நகல் ஒன்றை வெளியிட்டது. ஒரே மொழி, இரண்டு நிறுவனங்கள், இரண்டு நடத்தைகள். எக்மா என்னும் தரநிலை அமைப்பு 1997 ஜூனில் முதல் பதிப்பை வெளியிட்டது. நூல் வந்துவிட்டது, ஆனால் நூலுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் உரை செய்தார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர் என்று ஐவர் உரை நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு நூற்பாவில் அவர்கள் வேறுபடும்போது எதைக் கொண்டு வாதிடுகிறார்கள்? எடுத்துக்காட்டைக் கொண்டு. இந்தத் தொடரை உன் உரை ஏற்குமா, அந்தத் தொடரை எங்கே வைப்பாய் என்று கேட்கிறார்கள். விதியைச் சோதிப்பது வழக்கு. உலாவிகளின் உலகில் அந்த வேலையைச் சோதனைத் தொகுதிகள் செய்தன.

வேறுபாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். இதைப் போல என்னை யோசிக்க வைத்தது வேறில்லை. ஜாவாஸ்கிரிப்டில் எல்லாப் பொருள்களுக்கும் மூதாதையாக ஒரு பொருள் உண்டு. அதனிடம் 'டுஸ்ட்ரிங்', 'வேல்யூஆஃப்' போன்ற சில உடைமைகள் உள்ளன. உடைமைகளை வரிசையாக எண்ணும்போது இவை கணக்கில் வரக்கூடாது என்று அவற்றுக்கு ஒரு மறைப்புக் குறி இட்டிருந்தார்கள். நியாயம்தான். ஆனால் ஒரு பொருள் அதே பெயரில் தனக்கென்று சொந்தமாக ஓர் உடைமை வைத்துக்கொண்டால், அது எண்ணிக்கையில் வர வேண்டும். அது அப்பொருளினது, மூதாதையினது அன்று. மைக்ரோசாப்டின் எட்டாம் உலாவி வரை அது எண்ணப்படவில்லை. மூதாதையின் மறைப்புக் குறி பேரன் மீதும் விழுந்தது. பேரன் தன் கையால் சம்பாதித்தது, பாட்டன் பெயரில் இருந்த தடையால் கணக்கில் இல்லாமல் போயிற்று. 2011-இல் வந்த ஒன்பதாம் உலாவியில்தான் இது சரியாயிற்று. அதுவரை நிரலாளர்கள் அந்த ஏழு பெயர்களைக் கையால் பட்டியலிட்டுத் தனித்தனியே விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

'இது உன்னுடையதா, வழிவந்ததா?' என்று கேட்பதற்கே 1999 டிசம்பரின் மூன்றாம் பதிப்பில்தான் முறையான வழி வந்தது. 'ஹேஸ்ஓன்பிராப்பர்ட்டி' என்று அதற்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்வியும் மூதாதையிடமிருந்து வழிவந்த உடைமைதான். ஒரு பொருள் அதே பெயரில் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டால் சாட்சியே கலைந்துவிடும். மூதாதை இல்லாத அநாதைப் பொருளிடம் கேட்கவே முடியாது. பொருளிடம் கேட்காமல் வெளியே நின்று கேட்கும் 'ஹேஸ்ஓன்' 2022-இல்தான் தரநிலையில் இடம்பெற்றது. எளிய கேள்வி ஒன்று நேர்வழி பெற 23 ஆண்டுகள்.

2009 ஜூனில் கூகுள் 'ஸ்புட்னிக்' என்ற சோதனைத் தொகுதியை வெளியிட்டது. மூன்றாம் பதிப்பின் விதிகளைப் பின்பற்றி எழுதப்பட்ட 5000-க்கும் மேற்பட்ட சோதனைகள் அதில் இருந்தன. மைக்ரோசாப்டும் ஐந்தாம் பதிப்புக்குத் தான் எழுதிய சோதனைகளைத் தந்தது. எதிரெதிர் முகாம்களில் எழுதப்பட்ட இவை ஒன்றுசேர்ந்து 'டெஸ்ட்262' ஆயின. எக்மாவின் தரநிலை எண் 262 என்பதால் இப்பெயர். இன்று அதில் பல்லாயிரம் சோதனைக் கோப்புகள் உள்ளன. புதிய கூறு எதுவும் தரநிலையில் சேர வேண்டுமானால் அதற்கான சோதனைகள் அதில் இருந்தாக வேண்டும் என்பது இப்போதைய நடைமுறை. நூற்பாவும் எடுத்துக்காட்டும் ஒன்றாகவே பிறக்கின்றன. உடைமைகளை எந்த வரிசையில் எண்ணுவது என்பதுகூட இவ்வாறுதான் விதியாயிற்று: முதலில் உலாவிகள் ஒரு வழக்கில் படிந்தன, நூல் பின்னால் வந்து அதை எழுதிக்கொண்டது.

வழக்கு விதியை வென்ற இன்னொரு நிகழ்ச்சி 2018-இல் நடந்தது. பட்டியல்களின் மூதாதைக்கு 'ஃபிளாட்டன்' என்றொரு புதிய உடைமையைத் தர முடிவு செய்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நிரல் தொகுதி அதே பெயரில் அதே மூதாதையிடம் தன் உடைமையை முன்பே எழுதிவந்தது. புதிய உலாவியில் அந்த எழுத்து மறைப்புக் குறியோடு விழுந்தது, உடைமைகளை எண்ணி வேறோரிடத்துக்குப் படியெடுக்கும்போது அது விடுபட்டது, தளம் உடைந்தது. 'ஸ்மூஷ்' என்று பெயரை மாற்றிவிடலாமே என்று ஒருவர் வேடிக்கையாக முன்மொழிய, இணையம் முழுவதும் சண்டை மூண்டது. இறுதியில் 'ஃபிளாட்' என்று சுருக்கி 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார்கள். மூதாதையைத் தொடும்போது எத்தனை பேரன்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பது தெரியாது.

இனித் தொல்காப்பியத்தின் ஒரு விதிக்கு வருகிறேன். 'நம்பி மகன்' என்ற தொகையை எப்படி விரிப்பது? 'நம்பியது மகன்' என்று விரிக்கலாகாது என்கிறது சொல்லதிகாரம். உயர்திணையில் 'அது' கெட்டு, அங்கே 'கு' வர வேண்டும்: நம்பிக்கு மகன். 'அது' அஃறிணை ஒருமையைச் சுட்டும் உருபு என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். இன்று 'அவரது மகன்' என்று நாளிதழ் முதல் நன்றியுரை வரை எல்லோரும் எழுதுகிறோம். வழக்கு மாறிவிட்டது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பழைய விதியின் விளைவு எண்ணிப் பார்க்கத் தக்கது. வீடும் வயலும் கையும் கருமையும் ஓர் உருபில் வருகின்றன. பிறப்புறவு அந்த வரிசையில் வருவதில்லை. உடைமை வேறு, வழி வேறு.

ஜாவாஸ்கிரிப்டில் இந்தக் கோடு அழிந்தது. ஒரு பொருளின் முன்மாதிரி எது என்பது முதலில் இயந்திரத்துக்குள் மறைந்திருக்கும் உறவு. நெட்ஸ்கேப்பின் இயந்திரம் அதைப் பொருளின் ஓர் உடைமை போலவே வெளியே காட்டியது. 'புரோட்டோ' என்ற சொல்லின் இருபுறமும் இரட்டை அடிக்கோடு இட்டு, ஊரையும் உயரத்தையும் கேட்பது போலவே புள்ளி வைத்துத் தந்தையைக் கேட்கலாம், மாற்றவும் செய்யலாம். தரநிலையில் அது இல்லை. ஆனாலும் தளங்கள் பயன்படுத்தத் தொடங்கின; பிற உலாவிகளும் பின்பற்றின; 2015-இல் வேறு வழியின்றிப் பின்னிணைப்பு ஒன்றில் அதற்கு இடம் தந்தார்கள். தந்தை உடைமைப் பட்டியலில் ஏறிவிட்டார்.

விளைவு சில ஆண்டுகளில் தெரிந்தது. வெளியிலிருந்து வரும் தரவை ஒரு பொருளோடு கலக்கும் செயலிகள் எல்லா நிரல் தொகுதிகளிலும் உண்டு. வருகின்ற உடைமைப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே இறங்கி எழுதுவது அவற்றின் வேலை. தரவை அனுப்புபவர் ஓர் உடைமையின் பெயராக அந்த அடிக்கோட்டுப் புரோட்டோவையே எழுதி அனுப்பினால்? செயலி அதையும் ஓர் உடைமை என்று நம்பி உள்ளே இறங்கும். இறங்கிய இடமோ எல்லோருக்கும் மூதாதை. அங்கே 'நிர்வாகி: ஆம்' என்று எழுதிவிட்டால், அந்த நிரலில் உள்ள ஏறத்தாழ எல்லாப் பொருள்களும், தனக்கென்று வேறு விடை இல்லாதவரை, 'நீ நிர்வாகியா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லும். ஊற்றில் நஞ்சு கலப்பதுதான் இது. 2018-இல் ஒலிவியே ஆர்டோ இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். லோடாஷ், ஜேகுவெரி போன்ற உலகெங்கும் பயன்படும் தொகுதிகளிலும் இக்குறை இருந்தது. ஜேகுவெரி 2019 ஏப்ரலில் தன் 3.4.0 பதிப்பில் அடைத்தது. டீனோ என்னும் இயங்குதளம் அந்த உடைமையையே நீக்கிவிட்டது. வழியை உடைமையாக எண்ணலாகாது என்ற அறிவு மறுபடியும் செலவழித்துக் கற்கப்பட்டது.

தற்கிழமையும் ஜாவாஸ்கிரிப்டின் 'சொந்த' உடைமையும் ஒன்று என்று யாரும் கொள்ள வேண்டாம். சொந்த உடைமையை அழித்துவிடலாம். கையை அப்படிப் பிரிக்க முடியாது. அழிக்கலாகாது என்று குறியிட்ட உடைமையே தற்கிழமைக்குப் பக்கத்தில் வரும். வழிவந்த உடைமையோ நம் இரு பகுப்பிலும் நேராக அடங்குவதில்லை. ஒப்புமை இவ்வளவே.

தமிழில் நிரல் எழுத விரும்புவோருக்கு இவற்றில் என்ன இருக்கிறது? முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழி பற்றிய ஆய்வுரை 2009-இல் வெளிவந்தது. பைத்தானில் எழுதப்பட்ட மொழி அது, பள்ளி மாணவருக்கானது. 'பதிப்பி' என்று அச்சிடச் சொல்லலாம். 'ஆனால்' என்று நிபந்தனை இடலாம். நிபந்தனைக்குப் பின்னே 'ஆனால்' நிற்பது தமிழ்த் தொடரின் இயல்போடு ஒத்துப்போகிறது. அது செயல்முறை சார்ந்த மொழி. ஜாவாஸ்கிரிப்டைப் போல முன்மாதிரியும் வழிவந்த உடைமையும் கொண்ட பொருள்கள் அதில் இல்லை. தமிழில் ஒரு பொருள்சார் மொழி எழுதப்படும் நாளில், புள்ளிக்குப் பதில் என்ன வைப்பது என்பதை இலக்கணம் படித்தவர்களிடமும் கேட்டால் நல்லது.

ஆனால் தமிழ்ப்பெயர்களை இடுவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜாவாஸ்கிரிப்டின் மூன்றாம் பதிப்பு முதலே உடைமைகளுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைக்கலாம். மேலே நான் எழுதிய மகன்.ஊர் என்பது உண்மையாகவே ஓடும் நிரல்தான். அங்கே நமக்கென்று ஒரு சோதனை காத்திருக்கிறது.

ஒருங்குறியில் 'பொ' என்னும் எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். பகரத்தை அடுத்து ஒகரக் குறி ஒன்றை இடுவது ஒரு வழி. பகரத்தை அடுத்து எகரக் கொம்பையும் ஆகாரக் காலையும் தனித்தனியே இடுவது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சில விசைப்பலகைகளும், பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றித் தரும் கருவிகளும் இரண்டாம் வழியில் தந்துவிடுவது உண்டு. இரண்டும் நிகரானவை என்று ஒருங்குறித் தரநிலை சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அந்த நிகரைப் பார்ப்பதில்லை. குறி குறியாக ஒப்பிட்டு, வேறு என்று முடிவு செய்யும்.

எங்கள் பக்கத்து ஊர்களை ஒரு பொருளின் உடைமைகளாக எழுதி, ஒவ்வோர் ஊருக்கும் மக்கள் தொகையோ மழையளவோ ஏதோ ஒன்றை மதிப்பாக இட்டுப் பாருங்கள். கான்சாபுரம், கூமாப்பட்டி, சுந்தரபாண்டியம் எல்லாம் கேட்டவுடன் விடை தரும். கொடிக்குளம் மட்டும், எழுதியவர் ஒரு வழியிலும் கேட்டவர் மறு வழியிலும் தட்டியிருந்தால், 'வரையறுக்கப்படாதது' என்று வரும். கண்ணால் எத்தனை முறை ஒப்பிட்டாலும் வேறுபாடு தெரியாது. பிழையென்று எதுவும் எழாது. ஊர் இருக்கிறது, பட்டியலில் ஊர்ப்பெயரும் இருக்கிறது, கேட்டால் இல்லை. ஊருக்குப் பதில் ஒரு மனிதரின் பெயரையும், மழையளவுக்குப் பதில் அவருடைய ஓய்வூதியத்தையும் வைத்து எண்ணிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். பொன்னுத்தாயும் சொக்கலிங்கமும் கோவிந்தனும் மௌனகுருவும் இந்த வரிசையில் நிற்பவர்கள். ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும் ஏறிய பெயர்களுக்கு மட்டுமே உள்ள ஆபத்து இது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற 'டேஸ்16' குறியாக்கத்தில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரே குறி என்பதால் இச்சிக்கல் எழாது; ஆனால் வலையுலகம் ஒருங்குறியிலேயே நிலைத்துவிட்டது.

பைத்தானில் 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு முதல், நிரலில் எழுதும் பெயர்களை மொழியே ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். புள்ளி வைத்துக் கேட்டால் கொடிக்குளம் எந்த வழியில் எழுதினாலும் கிடைக்கும். அதே பெயரை மேற்கோளுக்குள் சரமாக இட்டு 'கெட்ஆட்டர்' வழியாகக் கேட்டால் அந்தச் சலுகை இல்லை. அங்கே பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டைப் போலவே கைவிரிக்கும். ஒரே மொழி, ஒரே ஊர், கேட்கும் வாசல் மாறினால் விடை மாறுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் சரங்களுக்கு 'நார்மலைஸ்' என்றொரு செயலி இருக்கிறது. இரண்டு துண்டாக வந்த ஒகரத்தை அது ஒன்றாக்கித் தரும். எழுதும்போதும் கேட்கும்போதும் நிரலாளர்தான் அதை நினைவாக அழைக்க வேண்டும். புள்ளி தானாக அழைக்காது.